குணவதி அழுத அழுகை

ஜெபமலரைத் தெரியுமா என்று கேட்டால் சேலத்தில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். குணவதியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் உடனே மூக்கால் ஒரு ராகம் இழுத்து அழுது காட்டுவார்கள். இருபது வயசுக்காரர்கள் போனை நீட்டி, கிரிக்கெட்டில் தோற்ற அணிக்காக அந்த அம்மாள் அழுகிற துண்டுப் படத்தைக் காட்டுவார்கள். ஜெபமலர் குணவதியாக நடித்த அந்த டிவி நாடகத்தை எடுத்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. இன்னமும் பெட்ரோல் விலை ஏறினால் குணவதிதான் வந்து அழ வேண்டியிருக்கிறது.

அந்த நாடகத்தை எழுதினவன் யார் என்று எவனும் கேட்டதில்லை. நான்தான். பெயர் சந்திரசேகர். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டே வசனம் எழுதினவன். யாருக்கும் என் மூஞ்சி தெரியவில்லையே என்று ரொம்ப நாள் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. இப்போது அது சௌகரியமாகப் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபமலர் பிறந்தது எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தறிக்கார ஊர். அப்பா சின்னப்பராஜ் வாத்தியார். கோயிலில் பாட்டு, பள்ளிக்கூடத்தில் பிரம்பு, இரண்டிலும் சுருதி தவறாதவர். பத்து வயசில் மகளைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, நிறுத்தினார். நற்செய்தி சொல்லப் போகிற நேரம் பார்த்து அட்டைச் சிறகு ஒன்று கழன்று விழுந்தது. வேறு குழந்தையாக இருந்தால் அழுதிருக்கும். இவள் குனிந்து எடுத்து, தூசி தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, "பயப்படாதீர்கள்" என்று இடையர்களைப் பார்த்துச் சொன்னாளாம். பங்குச் சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் சம்மனசு வேஷம் தரவில்லை, இடையர் வேஷந்தான்.

இருபத்தொரு வயசில் ஜெரால்டைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு வந்தாள். ஜெரால்ட் லாரி மெக்கானிக், தங்கமான மனுஷன், வாய் பேசாது. அஸ்தம்பட்டியில் ஒரு சந்தில் வீடு. பக்கத்திலேயே ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. அங்கேதான் நான் அவளை முதலில் பார்த்தேன், வீங்கின கன்னத்தோடு. எனக்கு முன்னால் ஒருத்தர் "இன்னும் எவ்வளவு நேரம்" என்று மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "நீங்க இருங்க, பல்ல மட்டும் முன்னாடி அனுப்ப முடியுங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு அந்த வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு நாடகக் குழு வைத்திருந்தேன். நேராக ஜெரால்டிடம் போய்க் கேட்டேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஊட்டுல பண்றத மேடையில பண்ணப் போறா. அவ்வளவுதானுங்களே, கூட்டிட்டுப் போங்க" என்றார். ஏழு வருஷம் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஊர் ஊராகப் போட்டோம். தொண்ணூற்றைந்தில் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, வாரா வாரம் அரை மணி நேரம் தருகிறேன் என்றார். இப்படித்தான் 'கோடி வீட்டுக் குணவதி' பிறந்தாள். தெருக்கோடியில் குடியிருந்துகொண்டு எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற பொம்பளை.

முதல் இரண்டு வாரத்துக்கான படப்பிடிப்பு முடிந்து போட்டுப் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை. கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். மூன்றாவது வாரம் சரியாக வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்குப் புரிந்தது. அந்த வாரக் கதையில் பால் பொங்கி அடுப்பில் வழியும், குணவதி அதற்கு அழ வேண்டும். சேலத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஜெபமலர் பத்து விதமாக அழுதாள். ஒன்றும் தேறவில்லை. நான் எரிந்து விழுந்தேன்.

எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு அவள் என்னிடம் வந்து, "அண்ணா, ஒண்ணு பண்ணிக் காட்டறேன்" என்றாள். தரையில் உட்கார்ந்தாள். வலது கையை இடுப்பில் குழந்தை வைத்திருக்கிற மாதிரி வளைத்துக்கொண்டு, இடது கையால் தரையை அறைந்தாள். மூக்கிலிருந்து சன்னமாக ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, "என்னப் பெத்த ரா..." என்று உச்சிக்குப் போய், அங்கே திடீரென்று நின்றாள். பக்கத்தில் திரும்பி, சாதாரணக் குரலில், "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டாள். பதில் வந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து, அதே உச்சியிலிருந்து, "...சா" என்று எடுத்தாள்.

நான் பெஞ்சியிலிருந்து சரிந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேண்டாங்கண்ணா. இது ஒரு சாவு ஊட்டுல பாத்தது."

சொன்னாள். அவளுக்குப் பதினெட்டு வயசு இருக்கும்போது, அவள் ஊரில் தறிக் கூலிக்குப் போகிற பச்சமுத்துவின் ஆறு வயசுப் பையன் சடையன் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அப்பாவோடு இவளும் துக்கத்துக்குப் போயிருக்கிறாள். தாய்க்காரி சாலம்மாளுக்கு அப்போது இருபத்தஞ்சு வயசுதான். கைக்குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் தரையை அறைந்து அழுதிருக்கிறாள். ராகம் உச்சிக்குப் போன இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் இருந்தவளிடம், "சின்னதுக்குப் பாலு காச்சியாச்சா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்தில் எடுத்து அழுதிருக்கிறாள். ஜெபமலருக்கு அந்த நேரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாளாம்.

"அப்பவே சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்" என்றாள். "ஆனா மறக்கல. அப்படியே உக்காந்திருக்குது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு நான் கேட்டது இதுதான்: "அவங்க ஊட்டுல டிவி இருக்குதா?"

"எங்கண்ணா? கூரை ஊடு."

"அப்புறம் என்ன?" என்றேன்.

அப்புறம் நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். ஐம்பத்திரண்டு வாரம் என்று ஆரம்பித்தது நூற்றி நாலு வாரம் ஓடியது. பால் பொங்கினால் குணவதி அழுதாள், கோழி முட்டையிடாவிட்டால் அழுதாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்தால் அழுதாள். ஒவ்வொரு அழுகையிலும் உச்சியில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் என்ன கேட்பாள் என்று ஊரே காத்துக்கொண்டிருக்கும். அதை எழுதுகிற வேலை என்னுடையது. "கேஸ் புக் பண்ணியாச்சா?" "வாசல்ல யாருடி செருப்ப விட்டது?" நூற்றி ரெண்டு கேள்வி எழுதினேன். எழுதி முடித்ததும் என் மனசாட்சி குத்தியதா என்றால், இல்லை. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

ஜெபமலர் வெள்ளிக்கிழமை ரயில் ஏறிச் சென்னைக்குப் போவாள், திங்கட்கிழமை திரும்பி வந்து டோக்கன் கொடுப்பாள். பல்வலி இல்லாதவர்கள் எல்லாம் கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார்கள். எடப்பாடி பஸ்ஸில் கண்டக்டர், அழுது காட்டாவிட்டால் இறங்க விடமாட்டேன் என்று மறித்தார். சினிமாவிலும் கூப்பிட்டார்கள். எந்தப் படமானாலும் அதே அழுகைதான் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு படத்தில், மகளைப் பறிகொடுத்த தாய் வேஷம் வந்தது. உயிரைக் கொடுத்து நடித்தாள். லைட் பிடிக்கிற பையன்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். இரண்டாயிரத்து மூணில் சினிமாவே வேண்டாம் என்று முழு நேரமும் டோக்கன் மேஜைக்கே வந்துவிட்டாள். ஜெரால்ட் இறந்தபோது அவள் சத்தம் போட்டு அழவே இல்லை. திடமான மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் எந்த ராகத்தில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் சேலத்தில் ஒரு சங்கத்துக்காரர்கள் அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். போனில் அந்தத் துண்டுப் படம் மறுபடி சுற்ற ஆரம்பித்த நேரம். சால்வை போட்டுவிட்டு, ஒரு தடவை அழுது காட்டுங்க என்றார்கள். அறுபத்து மூணு வயசில், மேடைத் தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்து அழுது காட்டினாள். மண்டபம் அதிர்ந்தது. மூணாவது வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டியவன் நான்.

முடிந்ததும் எல்லாரும் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் போன் இல்லாத கையோடு கடைசி வரைக்கும் நின்றாள். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும்.

"எம் பேரு தெய்வநாயகிங்க. சாலம்மாளோட புள்ளை. எங்கண்ணஞ் செத்தன்னைக்கு அந்த இடுப்புல இருந்த கொழந்தை நாந்தானுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எங்கப்பா செத்து இருவது வருசம் ஆச்சுங்க. அன்னைக்கு எங்கம்மா அழுகலீங்க. சீலைத் தலைப்ப வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கட்டிப்புடிச்சு அழுக வந்தவங்களையெல்லாம் தள்ளி உட்டுட்டாங்க. புருசஞ் செத்ததுக்கு அழுகாதவன்னு ஊரே பேசுச்சு. உங்க நாடகம் வந்ததுக்கப்புறம் எங்கம்மா எந்தச் சாவுக்கும் வாயத் தொறந்ததில்லீங்க. உங்களுக்குத் தெரியட்டும்னுதான் வந்தேன். வாரேனுங்க."

அவள் போய்விட்டாள். ஜெபமலர் சால்வையை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஆரம்பித்த முதல் வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். புதுசாக வந்த ஜெனிஷ் சாமியார், முப்பது வயசுகூட இருக்காது. தான்தான் குணவதி என்று இவள் சொன்னதும் மறைப்புக்கு அந்தப் பக்கம், "அம்மா, அது நீங்களா!" என்று சிரித்துவிட்டாராம். பத்துத் தடவை 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னாராம். வெளியே வந்து எனக்குப் போன் போட்டுக் கத்தினாள். "ஒரு பொம்பளை வாய இருவத்தெட்டு வருசம் அடைச்சு வச்சிருக்கேன். அதுக்குப் பத்து மந்திரமாண்ணா?" மறுநாள் மறுபடி போனாள். "சாமி, இன்னிக்குச் சிரிக்காம கேளுங்க" என்றாள். அவர் சிரிக்காமல் கேட்டார். "அந்த அம்மாகிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கம்மா. அதுக்கப்புறம் என்கிட்ட வாங்க" என்றார்.

நான் தடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்றேன். "உங்களுக்கென்னண்ணா, உங்க மூஞ்சி யாருக்குத் தெரியும்?" என்றாள். இரண்டு பேரும் எடப்பாடி பஸ் ஏறினோம்.

சாலம்மாளின் வீடு இப்போது ஓட்டு வீடு. ஒட்டினாற்போல் விசைத்தறிப் பட்டறை, எட்டுத் தறி ஓடுகிறது. காது கிழிகிற சத்தம். அந்த அம்மாளுக்கு எழுபது வயசு, கண் மட்டும் தெளிவாக இருந்தது. ஜெபமலரைப் பார்த்ததும், "சின்னப்பராஜ் வாத்தியார் புள்ளைதான? வா சாமி" என்றாள். தெய்வநாயகி வேலைக்குப் போயிருந்தாள். சாலம்மாளே சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். என்னை யாரென்று கேட்கவில்லை. கூட வந்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெபமலர் அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பை மெதுவாகக் கேட்க வழியில்லை. அந்தத் தறிச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "உங்க அழுகையத் திருடிட்டேங்கக்கா! உங்க பையன் சாவ வச்சு ஊரைச் சிரிக்க வச்சேன்! என்னய மன்னிச்சிருங்கக்கா!" என்று பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நானும் சேர்ந்து ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கேஸ் புக் பண்ணியாச்சா என்பது என் கேள்விதான், டிவி இருக்குதா என்பதும் என் கேள்விதான். சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

சாலம்மாள் எழுந்து போய்ப் பட்டறைப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சத்தம் பாதியாகக் குறைந்தது.

"நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தன் சாமி" என்றாள். "மணியன் ஊட்டு டிவியில. வாத்தியார் புள்ளை வருதுன்னு கூப்பிட்டாங்க. சனம் நெறைய உக்காந்திருந்துச்சு. நீ அழுதியா, எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சன்."

ஜெபமலர் நிமிர்ந்தாள்.

"வவுறு வலிக்கச் சிரிச்சன். அப்புறம் பாத்தா எல்லாரும் திரும்பி என்னையப் பாக்கறாங்க. அப்பத்தாந் தெரிஞ்சுது, அது நானுன்னு. என்ற பையனுக்கு நான் அழுததுன்னு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு சிரிச்சதுக்கு நான் வாய மூடல சாமி. ஊரு எதுக்குத்தான் சிரிக்கல? என்ற சடையஞ் சாவுக்கு நானே சிரிச்சுப்போட்டனே. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எவனுக்கு அழுகறது?"

என் வாழ்க்கையில் நான் எழுதின சிரிப்புக்கெல்லாம் யார் யார் சிரித்தார்கள் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. இந்த ஒரு சிரிப்பு என் தலையில் விழும் என்று நினைக்கவே இல்லை.

ஜெபமலர் அந்த அம்மாளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள்.

"உம்மேல எனக்குக் கோவமில்ல கண்ணு. மன்னிச்சன்னு சொன்னா நான் சிரிச்சது இல்லைன்னு ஆயிருமா?" ஜெபமலரின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு" என்றாள்.

"சொல்லுங்கக்கா. எதுவானாலும்."

"நாஞ் செத்தா நீ வராத. உன்னையப் பாத்தா சனம் சிரிக்கும். உம்மேல தப்பில்ல, உன்ற மூஞ்சி அப்படி ஆயிருச்சு. என்ற பையனுக்குத்தான் அப்படி ஆச்சு. எனக்காச்சும் யாருஞ் சிரிக்காம இருக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் சாவுக்கு வராதே என்று பரம விரோதியிடம்கூட வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதை அந்த அம்மாள் இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னாள். ஜெபமலர் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் குணவதியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசியில் சாலம்மாள் இறந்துபோனாள். காலையில் தெய்வநாயகியே ஜெபமலருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். வாருங்கள் என்று சொல்லவில்லை, தகவல் மட்டும். ஜெபமலர் எனக்குப் போன் செய்தாள். "நான் போகக் கூடாது. நீங்க போங்கண்ணா. உங்களை வரவேண்டாங்கலையே" என்றாள்.

போனேன். பந்தலில் வரிசையாக நின்ற ஆண்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்றவர் தீர்த்தகிரி, தெய்வநாயகியின் வீட்டுக்காரர். கையைப் பிடித்தபடியே, "எந்த ஊருங்க? அம்மாவுக்கு எப்படிங்க வேணும்?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான். "சும்மா, தெரிஞ்சவங்க" என்றேன். பாவம், அவர் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார், டீ கொடுக்கச் சொன்னார். அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தேன்.

உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தெய்வநாயகி குரல் தனியாகக் கேட்டது. எனக்குப் பின்னால் இரண்டு மூன்று இளசுகள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி, "அந்த டிவி குணவதி இந்த ஊர்தானாமா? வந்திருந்தா ஒரு கை அழுது குடுத்திருக்கும்ல" என்றாள். குபீரென்று கிளம்பின சிரிப்பை மூணு பேரும் துப்பட்டாவில் அடக்கினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் சுளிக்கவில்லை, அதட்டவும் இல்லை. நல்ல வசனம் என்று ஒரு கணம் என் மனசுக்குள் ஓடிவிட்டது, அதுதான் உண்மை.

எல்லாம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் ஜெபமலர் கூப்பிட்டாள். காலையிலிருந்து வீட்டில் செபமாலையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். நல்லபடியாக எடுத்தார்களா என்று கேட்டாள். எடுத்தார்கள் என்றேன்.

"யாராச்சும் சிரிச்சாங்களாண்ணா?"

பஸ் வந்து நின்றது. ஏறாமல் நின்றேன்.

"இல்லம்மா" என்றேன். "ஒருத்தருஞ் சிரிக்கல."

"ஆண்டவரே" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அழுகிற சத்தம் போனில் கேட்டது, ராகம் எதுவும் இல்லாமல்.